உண்டவர் சொல்லாத தீர்ப்பு

இரவுச் சாப்பாட்டு வேளையில் யாழ்ப்பாணத்து வீடொன்றினுள் நுழைவோர் இன்று ஒரு வேடிக்கையைக் காணலாம். வீட்டார் அனைவரும் கோப்பையும் கையுமாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருப்பர். பெட்டியினுள்ளே, எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் சமைத்த பண்டத்தை நடுவர்கள் கரண்டியால் எடுத்துச் சுவைத்து, புளி சற்றே மிகுந்துவிட்டதென்று தீர்ப்புக் கூறுவர். வீட்டார் மூச்சை அடக்கிக்கொண்டு அத்தீர்ப்பைக் கேட்பர். தம் கோப்பையிலுள்ள பிட்டையும் சொதியையும் பற்றி ஒருவரும் வாய் திறவார். அவற்றை ஆக்கிய அம்மையாரோ, எல்லோருக்கும் பரிமாறிய பின் கதவு நிலையிற் சாய்ந்து நின்றபடி, பிறருக்குக் கிடைக்கும் பாராட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இவ்வாரம் இந்த வேடிக்கையைக் குறித்தே நேயர்களுடன் சிறிது உரையாட விரும்புகிறோம்.

சமையலைத் தொழிலாகக் கொள்ளாதோரை அழைத்து, மேடையில் அடுப்பு மூட்டச் செய்து போட்டி நடத்தும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. இங்கிலாந்தில் பி.பி.சி. நிறுவனம் 1990 ஆம் ஆண்டில் 'மாஸ்டர் செஃப்' என்னும் நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. அதனைத் தோற்றுவித்தவர் பிராங்க் ரொடம் என்னும் திரைப்பட இயக்குநர். 2005 இல் அது புத்துருவம் பெற்றது. 2009 இல் அவுஸ்திரேலியாவிற் காலூன்றிற்று. பின்னர் பல நாடுகளிற் பல மொழிகளிற் பரவிற்று. உணவுச்சாலையிற் சமைத்து ஊதியம் பெறுவோருக்கு இப்போட்டியில் இடமில்லை. வழக்கறிஞரும் ஆசிரியரும் இல்லத்தரசியும் மாணவரும், தத்தம் வீட்டில் கற்ற கைப்பக்குவத்தை மட்டுமே துணையாகக் கொண்டு வந்து நிற்பர்.

இதன் செல்வாக்கு எத்தகையது என்பதற்கு ஒரு செய்தி போதும். 2010 ஆம் ஆண்டு யூலை 25 ஆந் திகதி அவுஸ்திரேலியாவில் பிரதமர் ஜூலியா கில்லார்டும் எதிர்க்கட்சித் தலைவர் ரொனி அபொட்டும் தேர்தலை முன்னிட்டுத் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதிட இருந்தனர். அன்றிரவே சமையற் போட்டியின் இறுதிச் சுற்றும் வந்தது. இரண்டும் மோதினால் எதனை மக்கள் பார்ப்பர் என்பதில் ஒருவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஆகவே, நாட்டை ஆள்வது யார் என்னும் விவாதம், நன்றாகச் சமைப்பது யார் என்னும் போட்டிக்கு வழிவிட்டு முன்னதாக நகர்த்தப்பட்டது. அவ்விரவில் வென்றவர் ஆடம் லியாவ் என்னும் ஒரு வழக்கறிஞர்.

தமிழிலும் இவ்வலை வீசாமலில்லை. 2019 இல் விஜய் தொலைக்காட்சி 'குக்கு வித் கோமாளி' என்று சமையலுடன் நகைச்சுவையைக் குழைத்துத் தந்தது. 2021 இல் சன் தொலைக்காட்சி, நடிகர் விஜய் சேதுபதி நடத்துநராக இருக்க, 'மாஸ்டர் செஃப்' போட்டியைத் தமிழில் நடத்திற்று. தேவகி விஜயராமன் என்பவர் அதில் வெற்றி பெற்றார். பாக்குநீரிணையைத் தாண்டி இந்நிகழ்ச்சிகள் நம் வீடுகளுக்குள்ளும் வந்து அமர்ந்துவிட்டன.

இனி நாம் சிந்திக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். தொலைக்காட்சி காட்சியைத் தரும், ஒலியைத் தரும். மணத்தையும் சுவையையும் தர அதனால் இயலாது. பார்த்துக்கொண்டிருக்கும் இலட்சக்கணக்கானோரில் ஒருவருக்கேனும் அப்பண்டத்தின் ஒரு துளி நாவிற் படப்போவதில்லை. அவ்வாறாயின் அவர்களை இருத்தி வைப்பது எது? சொல்லே அவர்களை இருத்தி வைக்கிறது. சுவைத்த நடுவர் தாம் அறிந்ததைச் சொல்லியே தீரவேண்டும். நன்று என்று மட்டும் கூறி அவர் தப்ப முடியாது. எதனால் நன்று, உறைப்பு முன்னே வந்ததா பின்னே வந்ததா, தேங்காய்ப்பால் திரிந்ததா திரளாமல் நின்றதா என்று பகுத்துரைக்க வேண்டும். அவ்வாறே சமைத்தவரும் தாம் செய்ததைச் சொல்ல வேண்டும்: எதனை முதலில் இட்டார், ஏன் இட்டார், யாரிடம் அதனைக் கற்றார் என்று. உண்டவரும் பேசுகிறார், ஆக்கியவரும் பேசுகிறார். இப்போட்டியின் உயிர்நிலை இதுவே என்பது எமது எண்ணம். தட்டின்மேல் இலை வைத்துச் சோடிப்பதெல்லாம் வெறும் மேற்பூச்சு.

இவ்வாறு வாய் திறந்து பேசியதால் ஓர் எளிய உணவு எவ்வளவு உயர்வு பெற்றது என்பதற்கு 2021 ஆம் ஆண்டின் அவுஸ்திரேலியப் போட்டி சான்றாகும். மெல்பேண் நகரில் வாழும் வங்காளக் குடும்பமொன்றைச் சேர்ந்த கிஷ்வர் சௌத்ரி என்னும் பெண்மணி அதன் இறுதிச் சுற்றுவரை வந்தார். அங்கே அவர் நடுவர்முன் வைத்தது யாது? வங்காளத்தார் 'பந்தா பாத்' என்று வழங்கும் பழஞ்சோறு! மிஞ்சிய சோற்றில் இரவு நீரூற்றி வைத்து, காலையில் உப்பும் வெங்காயமும் மிளகாயும் கூட்டி உழவன் உண்ணும் உணவு அது. அதற்குப் புகைமணம் ஊட்டி, மசித்த உருளைக்கிழங்கும் சாளை மீனும் பக்கத்தில் வைத்தார். உணவுச்சாலை எதிலும் இதனைக் காணமுடியாதென்று அவரே எடுத்துக் கூறினார். அவர் மூன்றாமிடம் பெற்றார்; முதலிடமும் இரண்டரை இலட்சம் டொலர் பரிசும் ஜஸ்டின் நாராயண் என்னும் இளைஞரைச் சேர்ந்தன. எனினும் டாக்காவிலும் கல்கத்தாவிலும் மக்கள் பேசியது அந்தப் பழஞ்சோற்றைப் பற்றியே. தாம் உண்டு வளர்ந்ததும், விருந்தினர்முன் வைக்கக் கூசியதுமான ஓர் உணவு உலகத்தார்முன் தலைநிமிர்ந்து நின்றது கண்டு பலர் கண்கலங்கினர்.

யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு இது அந்நியமான கதையா? முதல்நாட் சோற்றைப் பிழிந்து, மிஞ்சிய கறியும் வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் சேர்த்துக் குழைத்து, சுற்றியிருக்கும் பிள்ளைகளின் கைகளில் ஒவ்வோர் உருண்டையாக வைத்த அப்பாச்சிமாரை நம்மிற் பலர் இன்னும் மறக்கவில்லை. அக்குழையலுக்கு ஈடான விருந்தை எந்த மண்டபத்திலும் நாம் உண்டதில்லை. ஆயினும் வீட்டுக்கு விருந்தினர் வந்துவிட்டால் பழஞ்சோற்றுச் சட்டியை முதலில் மறைத்து வைப்பவரும் நாமேயன்றோ?

பின்னர் 2024 ஆம் ஆண்டு வந்தது. இங்கிலாந்தின் 'மாஸ்டர் செஃப்' போட்டியில் பிரின் பிரதாபன் என்னும் இளைஞர் முதல்வரானார். அவர் பிரிஸ்டல் நகரில் வாழும் மிருக வைத்தியர். இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன். தாம் வளர்ந்த வீட்டின் சுவைகளை மேனாட்டுச் சமையல் முறைகளோடு இணைத்து அவர் ஆக்கியவற்றை நடுவர்கள் புகழ்ந்தனர். செய்தி வந்த அன்றே நம்மவர் கைத்தொலைபேசிகளெல்லாம் 'எங்கடை பிள்ளை' என்று முழங்கின. பெருமைப்படத்தக்க செய்தியே, நாமும் பெருமைப்பட்டோம். ஆனால் அப்பெருமையோடு ஒரு கேள்வியும் எழுகின்றது. அவர் பாராட்டுப் பெற்ற அந்தச் சுவைகள் பிறந்த மண்ணில், அவற்றை நாள்தோறும் ஆக்குவோருக்கு யார் தீர்ப்புக் கூறுகிறார்கள்?

நம் வீடுகளில் நடுவர் இல்லாமலில்லை. வீட்டுத் தலைவர் இருக்கிறார். அவருடைய முறையோ விந்தையானது. கறி நன்றாயிருந்தால் மௌனம். உப்புக் குறைந்தால் மட்டுமே சொல். நாளொன்றுக்கு மூன்று வேளையாக, ஆண்டொன்றுக்கு ஆயிரம் வேளைக்கு மேல், ஒரு பெண் தன் கைத்திறனை அந்த மன்றத்தின்முன் வைக்கிறாள். ஆயிரத்தில் ஒன்பது நூற்றுத் தொண்ணூறு வேளை அவள் வெல்கிறாள். வென்ற செய்தி அவளுக்கு அறிவிக்கப்படுவதில்லை. தோற்ற பத்து மட்டும் தவறாமல் அறிவிக்கப்படும். வெறுங்கோப்பையே பாராட்டு அல்லவா என்று சிலர் வாதிப்பர். வெறுங்கோப்பை பசிக்குச் சான்று, பாராட்டு ஆகாது. பசித்தவன் எதையும் உண்பான்.

சமையல் ஆடவருக்குப் புறம்பான துறை, அதனைப் பற்றி நாம் என்ன சொல்ல இருக்கிறது என்று கருதுவோரும் உளர். அவர்கள் நம் மரபையே சரியாக நோக்கவில்லை. சிறந்த சமையலை நாம் நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். இருவரும் ஆடவரே. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் விருந்தைப் பாட வந்த புலவர், பீமன் இயற்றிய நூலின் நெறி தவறாது ஆக்கிய உணவென்றே அதனைப் போற்றுகிறார். சமையலுக்கு ஒரு நூல் உண்டு, அதற்கோர் இலக்கணம் உண்டு என்னும் எண்ணம் எவ்வளவு பழையது பாருங்கள்! இன்றும் கலியாண வீடுகளிற் கிடாரம் ஏற்றுவோரும், செல்வச்சந்நிதி போன்ற தலங்களின் மடங்களில் அன்னதானத்துக்கு உலை வைப்போரும் பெரும்பாலும் ஆடவரே. பலர்முன் சமைப்பது ஆண்மைக்கு இழுக்கில்லையாம். சொந்த வீட்டுக் குசினியில் அகப்பை பிடிப்பது மட்டும் இழுக்காம்! போட்டி மேடையில் ஆணும் பெண்ணும் அருகருகே நின்று வெங்காயம் வெட்டுவதைக் காணும் நம் பிள்ளைகளாவது இந்த முரண்பாட்டைக் கேள்வி கேட்பார்களாக.

உண்டவர் பேசாதது ஒரு குறை. ஆக்கியவர் பேசாதது அதனினும் பெரிய இழப்புக்கு வழிகோலுகின்றது. நம் ஆச்சிமாரிடம் கறிக்கு எவ்வளவு தூள் இடுவது என்று கேட்டுப் பாருங்கள். "அளவாய்ப் போடு" என்பார்கள். எவ்வளவு நேரம் அடுப்பில் விடுவது? "பதம் பார்த்து இறக்கு" என்பார்கள். அவர்கள் எதனையும் ஒளிப்பதில்லை. அவர்களுடைய அறிவு கையில் இருக்கிறது, கண்ணில் இருக்கிறது, வாய்க்கு அது வந்து சேரவில்லை. கேட்பாரும் இல்லாதபடியால் வரவேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

கல்லூரியில் ஒருநாள் எமது வகுப்பில் இப்பேச்சு எழுந்தது. மாணவர் பலரும் போட்டிகளிற் பார்த்த மேனாட்டு இனிப்புப் பண்டங்களின் பெயர்களை அடுக்கினர். ஒருவன் அவற்றுள் ஒன்றைச் செய்யும் முறையைக்கூட வரிசை தவறாமற் கூறினான். நல்லது என்று பாராட்டிவிட்டு, ஒடியற் கூழுக்கு எடுக்கும் மாவின் கைப்பு எவ்வாறு நீங்குகின்றது என்று வினவினோம். வகுப்பில் அமைதி நிலவிற்று. இறுதி வாங்கிலிருந்து வடமராட்சி மாணவனொருவன் எழுந்து, "அம்மம்மா மாவைத் தண்ணியிலை ஊறப்போடுவா, சேர். எத்தனை தரம் தண்ணி மாத்துறவா எண்டு நான் கவனிக்கேல்லை" என்றான். அம்மம்மா இப்பொழுது எங்கே என்று கேட்டோம். போன வருடம் காலமானதாகச் சொன்னான்.

ஒடியற் கூழை நேயர்கள் எளிதென எண்ணிவிட வேண்டாம். பனங்கொட்டையைப் பாத்தியிற் புதைத்து, மாதங்கள் சென்றபின் கிழங்கைக் கிண்டியெடுத்து, பச்சையாகப் பிளந்து வெயிலிற் காயவிட்டால் ஒடியல். அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவை நீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை வடித்து வடித்துக் கைப்பைப் போக்க வேண்டும். மீனும் நண்டும் இறாலும், பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் பெரும் பானையில் வெந்துகொண்டிருக்க, செத்தல்மிளகாய்க் கூட்டும் பழப்புளியும் மாவும் கரைத்து ஊற்றித் துழாவ வேண்டும். மச்சம் உண்ணாதோர் மரக்கறி மட்டும் இட்டுக் காய்ச்சுவர். பின்னர் முற்றத்தில் அயலாரும் உறவினரும் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடிக்க வேண்டும். இதில் மரத்தின் இயல்பை அறியும் அறிவு உண்டு. கைப்பை நீக்கும் உபாயம் உண்டு. ஊரைக் கூட்டும் பண்பும் உண்டு. ஒரு மணி நேர மணிக்கூட்டுப் போட்டிக்குள் இது அடங்குமா? அடங்காது. ஆனால் ஒரு கொப்பியின் இரண்டு பக்கங்களுக்குள் அடங்கும்.

எழுதி வைப்பதன் வலிமையை நாம் அறியாதவரல்லர். 1951 ஆம் ஆண்டில் சென்னையில் எஸ். மீனாட்சி அம்மாள் என்னும் பெண்மணி 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். வீட்டிற் சமைத்த ஒருவர், தம் கையளவைப் படியளவாக மாற்றி எழுதிய நூல் அது. தாயைப் பிரிந்து தொலைதூரம் சென்ற எத்தனையோ பெண்களுக்கு அந்நூலே தாயாயிற்று. நம் யாழ்ப்பாணச் சமையலுக்கும் 2003 இல் நேசா எலியேசர் பதிப்பித்த ஆங்கில நூலொன்று உண்டு. ஒடியற் கூழும் குரக்கன் பிட்டும் அதன் பெயரிலேயே இடம்பெற்றன. போற்றத்தக்க பணிகள் இவை. ஆனால் ஊருக்கு ஊர், ஏன், வீட்டுக்கு வீடு நம் பக்குவம் வேறுபடும். கறித்தூள் வறுப்பதிலேயே தீவகத்தாரின் கை வேறு, தென்மராட்சியாரின் கை வேறு. ஒரு நூல் எல்லா வீட்டையும் எழுதிவிட முடியாது. அந்தந்த வீட்டை அந்தந்த வீட்டாரே எழுத வேண்டும்.

இதற்கு நம் வரலாறும் காரணம் காட்டுகின்றது. 1983 இன் பின் நம் மக்கள் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மெல்பேணுக்கும் சிதறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே ஒரே இரவில் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. அம்மியும் உரலும் ஆட்டுக்கல்லும் வீட்டோடு நின்றுவிட்டன. கைப்பக்குவம் மட்டுமே கூட நடந்து சென்றது. அக்கைகள் இப்பொழுது முதுமையுற்று நடுங்குகின்றன. வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் தொலைபேசியிற் கூப்பிட்டு, "அம்மம்மா, சொதிக்கு முதற்பால் எப்போது விடுவது?" என்று கேட்கும் வீடுகளை நாம் அறிவோம். தொலைவில் உள்ளவர்கள் கேட்கிறார்கள். ஒரே கூரையின்கீழ் இருக்கும் நம் பிள்ளைகள் கேட்பதில்லை. எப்பொழுதும் கிடைக்கும் என்று எண்ணிவிடுகிறார்கள்.

போட்டிகளை நாம் கண்மூடிப் புகழவில்லை. ஒவ்வொரு வாரமும் ஒருவரை வெளியேற்றி, அவர் அழுவதை அண்மையிற் காட்டி, பின்னணி இசையால் நம்மையும் அழவைக்கும் வாணிப உத்தி அவற்றில் உண்டு. அதனை வீட்டுக்குள் கொண்டுவந்து, மருமகளின் குழம்புக்கும் மாமியாரின் குழம்புக்கும் புள்ளி வழங்கத் தொடங்கினால் வீடு இரண்டுபட்டுப் போகும். வீட்டுச் சமையலில் வெளியேற்றப்படுவோர் இலர். நோயாளிக்குக் கஞ்சியும், கிழவருக்குக் குழைந்த சோறும், பிள்ளைக்கு உறைப்பில்லாத பால்கறியும் ஒரே அடுப்பில் ஒரே வேளையில் ஆகவேண்டும். எந்த நடுவரும் வைக்காத கடிய சோதனை அது. ஆகவே புள்ளியையும் மணிக்கூட்டையும் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு, பேச்சை மட்டும் வெளியே எடுத்துக்கொள்வோம்.

மாணவ நேயர்களுக்கு ஒரு வேலை தருகிறோம். அடுத்த விடுமுறையில் ஒரு கொப்பியும் பென்சிலுமாக அம்மம்மாவிடமோ அப்பாச்சியிடமோ குசினியிற் போய் அமருங்கள். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் எவ்வாறு எழுதுவீர்களோ அவ்வாறே எழுதுங்கள்: எடுத்த பொருள்கள், செய்முறை, அவதானித்தவை. அவர் ஒரு பிடி தூளை அள்ளும்போது, சட்டியில் இடுமுன் அதனைக் கரண்டியால் அளந்து பாருங்கள். அரிசி எத்தனை சுண்டு, தேங்காய் எத்தனை பாதி என்று குறியுங்கள். பதம் என்று அவர் சொன்னால், நிறம் எப்படி இருந்தது, மணம் எப்படி மாறிற்று, கொதி எந்த ஓசை செய்தது என்று கேளுங்கள். முதலில் அவர் சிரிப்பார். பின்பு சொல்லத் தொடங்குவார். தாம் இவ்வளவு அறிந்தவரா என்று அவரே வியப்பார். ஏட்டின் தலைப்பில் பண்டத்தின் பெயரோடு அவர் பெயரையும் ஊர்ப்பெயரையும் எழுத மறவாதீர்கள். ஆடிப்பிறப்பு வரும்போது கூழும் கொழுக்கட்டையும் அக்கொப்பியின் முதற் பக்கங்களாக அமையட்டும்.

பெரியவர்களுக்கான வேலை இன்னும் சிறியது. இன்றிரவு உண்ணும்போது கோப்பையை நோக்குங்கள். கத்தரிக்காய்ப் பால்கறி நன்றாயிருந்தால் நன்றாயிருக்கிறதென்று சொல்லுங்கள்; எதனால் நன்றாயிருக்கிறதென்றும் ஒரு சொல் கூட்டுங்கள். காய் குழையாமல் வெந்திருக்கிறது, புளி அளவாக நிற்கிறது என்று ஏதேனும் ஒன்று. சொல்பவருக்கு அரை நிமிடம் ஆகும். கேட்பவர் அதனை நெடுங்காலம் நினைத்திருப்பார்.